பரோலோ: புதிதாகத் தொடங்கும் குடும்பங்கள் ஏன் பழைய முறையைப் பிடித்துக்கொள்கின்றன?

இளமதி_சிங்கை

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச காலமாக இத்தாலியச் சிவப்பு ஒயின்களை ஊர் ஊராகப் பார்த்து வருகிறேன். இப்போது வடமேற்கு இத்தாலியின் பியமோந்தே பக்கம் வந்திருக்கிறேன். லா மோர்ரா கிராமத்தின் ட்ரெதிபெரி என்ற ஒயினரியின் பரோலோ (அந்தப் பகுதியின் பேர் பெற்ற சிவப்பு ஒயின்) ஒன்று கைக்குக் கிடைத்தது. 2007-ல்தான் தொடங்கிய குடும்பம். பெரிய பெயர்களோடு ஒப்பிட்டால் விலையும் நியாயமாக இருந்தது. கடைக்காரர், "இது பாரம்பரிய முறையில் செய்தது, அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்" என்று சொல்லிக் கொடுத்தார்.

எனக்குப் புரியாதது இதுதான். தலைமுறை தலைமுறையாகச் செய்கிறவர்கள் பழைய முறையை விடாமல் இருப்பது சரி. நேற்றுத் தொடங்கியவர்களுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லையே? புது இயந்திரம், புதுப் பீப்பாய் என்று போயிருக்கலாம். விற்பனைக்காகச் சொல்லும் வார்த்தையா, அல்லது உண்மையிலேயே செய்முறையில் வேறுபாடு இருக்கிறதா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

---

தூரின்வாசி

இளமதி, நல்ல கேள்வி. நான் தூரினில் இருக்கிறேன். அறுவடைக் காலத்தில், பரோலோ விளையும் லாங்கே மலைப் பக்கம் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு உதவப் போவது வழக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். நெபியோலோ என்ற ஒரே ரகத் திராட்சையில்தான் பரோலோ செய்ய வேண்டும். 11 கிராமங்களின் எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். அறுவடை செய்த வருடத்தின் நவம்பர் 1-லிருந்து 38 மாதம் வைத்திருந்துதான் விற்கலாம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். லேபிளில் ரிசெர்வா என்று போட வேண்டுமானால் 62 மாதம். ஆனால் எந்த அளவு பீப்பாய், தோலோடு எத்தனை நாள் ஊற வேண்டும் என்றெல்லாம் சட்டம் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் பழைய முறை, புது முறை என்ற பெரிய சண்டையே நடந்தது.

நெபியோலோ தோலில் நிறம் குறைவு, துவர்ப்பு அதிகம். கண்ணாடியில் பார்த்தால் செங்கல் நிறத்தில் வெளிறித் தெரியும். வாயில் வைத்தால் கடுக்காய் கடித்தது போல ஈறைப் பிடிக்கும். இந்தத் துவர்ப்பை என்ன செய்வது என்பதற்கு இரண்டு பதில் உண்டு.

பழைய பதில்: சாற்றைத் தோல், கொட்டையோடு 3 வாரம், 4 வாரம், சில வீடுகளில் 50 நாள் வரைகூட விடுவது. நொதிக்கும்போது தோல் எல்லாம் மேலே எழும்பி ஒரு தடித்த படலமாக மிதக்கும். அதைப் பலகைகளால் அமுக்கி, பலகை மறுபடி எழும்பாதபடி தொட்டியின் விளிம்புக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் தோல் முழுக்கச் சாற்றுக்குள்ளேயே கிடந்து மெதுவாக ஊறும். முரட்டுத்தனமாகக் கலக்க வேண்டியதே இல்லை. பிறகு ஸ்லவோனிய ஓக் மரத்தில் செய்த பெரிய பீப்பாய்களுக்கு மாற்றுவார்கள். இவற்றுக்குப் பொத்தே என்று பெயர். 2000 லிட்டரிலிருந்து 10,000 லிட்டர் வரை இருக்கும். பீப்பாய் பெரிதானால் ஒயின் மரத்தைத் தொடும் பரப்பு குறைவு. மரத்தின் வாசனை ஒயினில் ஏறாது. காற்று மட்டும் துளித்துளியாய் உள்ளே போய்த் துவர்ப்பை இளக்கும்.

புது பதில்: நிறம் ஏறியதும், கொட்டையின் துவர்ப்பு இறங்குவதற்கு முன்பே, ஒரு வாரத்துக்குள் தோலைப் பிரித்துவிடுவது. சுழலும் எஃகுத் தொட்டி இதற்கு உதவும். பிறகு பிரெஞ்சு ஓக்கில் செய்த 225 லிட்டர் பரீக் பீப்பாய். நிறம் நிலைக்கும், வனிலா வாசனை வரும், சீக்கிரம் குடிக்கலாம்.

1970-களில் லாங்கே ஏழைப் பகுதி. திராட்சையை ஆல்பா சந்தையில் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவதுதான் பெரும்பாலோர் பிழைப்பு. பிள்ளைகள் தூரினுக்குப் பியட் கார் ஆலைக்கோ ஆல்பாவில் பெர்ரேரோ சாக்லேட் ஆலைக்கோ போய்விடுவார்கள். லா மோர்ராவின் எலியோ அல்தாரே 1976-ல் பிரான்சின் ஒயின் பகுதியான பர்கண்டி போய் அங்கே விவசாயி எப்படி வாழ்கிறான் என்று பார்த்துவிட்டு வந்தார். 1983-ல் தகப்பனாரின் பழைய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துப் போட்டார். தகப்பனார் சொத்தில் மகனுக்குப் பங்கு கிடையாது என்று எழுதிவிட்டார். இன்னொரு பக்கம் பரோலோ கிராமத்தில் பார்த்தோலோ மஸ்கரெல்லோ. கையால் வரைந்த லேபிளில் "பரீக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்" என்று எழுதி ஒட்டியவர் (பெர்லுஸ்கோனி இத்தாலிய அரசியல்வாதி). அவர் 2005-ல் காலமானார். மகள் மரியா தெரேசா இன்றும் அதே முறையில் செய்கிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்று தொடங்குகிற குடும்பம் பெரிய பீப்பாயைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெரும்பாலும் தாத்தா பாசம் காரணம் இல்லை. தன் சரிவில் விளைந்த திராட்சைக்கு ஒரு சுவை இருக்கிறது, பக்கத்துச் சரிவுக்கு வேறு சுவை இருக்கிறது, மர வாசனை ஏறினால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று அனுபவத்தில் கண்டவர்கள் இவர்கள். ட்ரெதிபெரி குடும்பத்தின் தகப்பனாரே ரெனாத்தோ ராத்தி ஒயினரியில் பல வருடம் வேலை பார்த்தவர். ஒயினரிதான் புதிது, கைப்பழக்கம் பழையது.

---

கணக்கன்

தூரின்வாசி அருமையாக எழுதியிருக்கிறார். நான் பணப் பக்கத்தைச் சொல்கிறேன். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

பரோலோவுக்கு ஒரு ஹெக்டேரில் அதிகபட்சம் 8 டன் திராட்சை எடுக்கலாம். அதில் 68 சதவீதம்தான் ஒயினாகக் கணக்கில் வரும். 5440 லிட்டர், அதாவது சுமார் 7250 பாட்டில். 5 ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, ஆலங்கட்டி மழை இல்லாத நல்ல வருடத்தில், 36 ஆயிரம் பாட்டில். அவ்வளவுதான் மொத்த வரவு.

ஆனால் எப்போது வரும்? நிலம் வாங்கிக் கொடி நட்டால் முதல் சில வருடம் பரோலோ என்று சொல்ல ஒன்றும் கிடைக்காது. பிறகு அறுவடை. அதிலிருந்து 38 மாதம். 2020-ல் பறித்த திராட்சை 2024 ஜனவரி 1-க்கு முன் கடைக்கு வராது. இடையில் 2021, 2022, 2023 அறுவடைகளும் பீப்பாயில் உட்கார்ந்திருக்கும். ஆக எந்த நேரமும் மூன்று நான்கு வருடச் சரக்கு முடங்கிக் கிடக்கும். அதற்கு வட்டி ஓடும். பீப்பாய் வாங்க வேண்டும், வைக்க இடம் வேண்டும், கூலி கொடுக்க வேண்டும்.

இதில் பெரிய பீப்பாய் ஒரு கணக்குப் பாடம். பரீக் ஒன்று பல நூறு யூரோ. மூன்று நான்கு தடவை பயன்படுத்தியதும் மரத்தின் வாசனை தீர்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். பொத்தே வாங்கும்போது முதல் அடி பலமாக விழும், ஆனால் நன்றாகப் பராமரித்தால் பல பத்தாண்டு வரும். கையில் காசு குறைவாக உள்ள குடும்பத்துக்கு நீண்ட நோக்கில் எது மலிவு என்று நீங்களே பாருங்கள். பாரம்பரியம் பாரம்பரியம் என்கிறோம், அதற்குள் இந்தச் சிக்கனமும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை, மதிக்க வேண்டிய விஷயம்.

சரி, காத்திருக்கும் வருடங்களில் சாப்பாட்டுக்கு? தோல்செத்தோ, பர்பேரா, லாங்கே நெபியோலோ என்று அதே பகுதியில் சீக்கிரம் விற்கக்கூடிய ஒயின்கள். தோல்செத்தோ அடுத்த வசந்தத்திலேயே பாட்டிலில் ஏறிவிடும். அந்தக் காசில்தான் பரோலோ தூங்குகிறது. ஒரு குடும்பத்தின் தோல்செத்தோவைக் கேவலமாக நினைத்து ஒதுக்குகிறவர்கள் அந்த வீட்டின் அடுப்பு எதில் எரிகிறது என்று தெரியாதவர்கள்.

---

புதுவை_ஸ்டெல்லா

நான் ஓட்டல் மேலாண்மை மாணவர்களுக்கு ஒயின் பாடம் எடுக்கிறேன். மேலே இருவரும் எழுதியதில் ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பழைய முறை என்றாலே தூய்மை, புது முறை என்றாலே கலப்படம் என்ற தொனி வந்துவிடக் கூடாது.

பழைய பரோலோக்களில் நிறைய மோசமானவை இருந்தன. சரியாகக் கழுவாத பீப்பாய், புளித்த காடி வாசனை, பழம் வற்றிப்போய் வெறும் துவர்ப்பு மட்டும் மிஞ்சிய ஒயின். அல்தாரே தலைமுறை கொண்டுவந்தது பரீக் மட்டும் அல்ல. பச்சையாக இருக்கும்போதே பாதிக் குலையை வெட்டிக் கீழே போட்டு மீதிக்குச் சத்து சேர்ப்பதை அவர்கள்தான் பரப்பினார்கள். பசி தெரிந்த ஊரில் காய்த்ததை வெட்டிப் போடுவது பாவம் என்று பெரியவர்கள் கோபப்பட்டார்கள். வெப்பக் கட்டுப்பாடு, சுத்தமான செல்லார் (ஒயின் செய்து வைக்கும் அறை), ஆரோக்கியமான பழம் மட்டும் பொறுக்குவது, இதெல்லாம் அந்தக் காலத்தில் வலுப்பெற்றவை. இன்றைய "பாரம்பரிய" குடும்பங்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டுதான் பெரிய பீப்பாய்க்கு வந்திருக்கின்றன. சிமென்ட் தொட்டியிலும் எஃகுத் தொட்டியிலும் நொதிக்க வைக்கிறார்கள், சூட்டை அளந்துகொண்டே இருக்கிறார்கள். 1960-ன் தாத்தா இந்தச் செல்லாருக்குள் வந்தால் பாதியை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு: வெயில். முன்பு நெபியோலோ அக்டோபர் கடைசிவரை கொடியில் நின்றும் பல வருடம் முழுதாகப் பழுக்காது. பச்சைத் துவர்ப்பை மூடி மறைக்கப் பரீக்கின் இனிப்பு தேவைப்பட்டது. இப்போது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ பறித்துவிடுகிறார்கள். துவர்ப்பே பழுத்து வருகிறது, நீண்ட நாள் ஊற வைத்தாலும் கரடாகத் தெரிவதில்லை. பழைய முறை நன்றாக வேலை செய்வதற்குப் பருவநிலையும் ஒரு காரணம் என்பதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

---

தூரின்வாசி

ஸ்டெல்லா அக்கா சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். சங்கிலி ரம்பம் பிடித்தவருக்கும் இன்றைய பாரம்பரியக்காரர்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

சுத்தம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய பீப்பாயின் முகப்பில், கீழே, ஒரு சின்னக் கதவு இருக்கும். ஒரு ஆள் தோளைச் சுருக்கித் தலையை முதலில் விட்டு, ஒரு கையை முன்னே நீட்டித்தான் நுழைய முடியும். ஒயினை மாற்றிக் காலி செய்ததும் ஒருவர் உள்ளே போய்க் கழுவ வேண்டும். நான் உதவப் போகும் வீட்டில் அது இளைய மகளின் வேலை. அண்ணனுக்குத் தோள் அகலம். அவள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முழங்கால் மடித்து உட்கார்ந்து, பலகையில் படிந்திருக்கும் டார்டாரிக் அமில உப்பைத் தேய்த்து எடுப்பாள். செந்நிறச் சர்க்கரைப் படிகம் மாதிரி தகடு தகடாக உதிரும். வெளியே தகப்பனார் நீர்க்குழாயைப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே இருப்பவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுக் கட்டளை. உள்ளே காற்று கெட்டிருந்தால் பேச்சு நிற்பதில் தெரிந்துவிடும். நுழைவதற்கு முன் காற்றோட்டம் கொடுத்து, பரிசோதித்துத்தான் விடுவார்கள், ஆனாலும் அந்தப் பேச்சை நிறுத்துவதில்லை.

---

கம்பம்_பன்னீர்

நான் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். ஒயின் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் கொடி பற்றிக் கேட்க ஆசை. எங்களுக்குப் பந்தல் முறை. கவாத்து முடிந்து நாலு மாதத்தில் அறுவடை, திரும்பக் கவாத்து, வருடம் முழுக்க வேலை. அங்கே ஒரே அறுவடை என்கிறீர்கள். அந்த ஒன்றில் கல்மழை விழுந்தால் என்ன செய்வார்கள்? கவாத்து எப்படி? நெபியோலோ கொடி எந்த மாதிரிக் கொடி?

---

தூரின்வாசி

அண்ணா, நீங்கள் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

அங்கே பந்தல் கிடையாது. சரிவின் குறுக்கே வரிசை வரிசையாகக் கம்பி கட்டி அதில் ஏற்றுவார்கள். ஹெக்டேருக்குச் சுமார் 4000 முதல் 5000 கொடி. குளிரில் கொடி இலை உதிர்த்து உறங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை கவாத்து. நெபியோலோவுக்கு ஒரு குணம்: தண்டின் அடியில் இருக்கும் முதல் சில மொட்டுகளில் காய் பிடிக்காது. குட்டையாக வெட்டினால் இலைதான் வரும். அதனால் ஒரு நீண்ட தண்டை 8, 10 மொட்டோடு விட்டு, கம்பியோடு வளைத்துக் கட்டுவார்கள். கூடவே அடுத்த வருடத்துக்காக ஒரு குட்டைத் தண்டு. பழக்கம் விடாத வீடுகளில் இன்னும் வில்லோ மரக் குச்சியால்தான் கட்டு. ஊற வைத்த குச்சியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினால் பிளாஸ்டிக் கயிறு தோற்றுவிடும், கொடியையும் அறுக்காது.

மற்ற ரகங்களுக்கு முன்பே துளிர்க்கும், எல்லாம் பறித்து முடிந்த பிறகுதான் பழுக்கும். அதனால் தெற்கு பார்த்த நல்ல சரிவு முழுக்க இதற்குத்தான். குளிர்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோ நடு என்பார்கள் அந்த ஊர்ப் பெரியவர்கள். நிழல் பக்கமும் பள்ளமும் ஹேசல்நட் மரத்துக்கு.

கல்மழைக்குச் சிலர் வலை கட்டுகிறார்கள், சிலர் காப்பீடு எடுக்கிறார்கள். பழைய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது: நிலத்தை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று சரிவில் சிறு துண்டுகளாக வைத்திருப்பது. கல்மழை ஒரு சரிவைத் துவைத்துவிட்டுப் பக்கத்துச் சரிவைத் தொடாமல் போகும். எல்லாவற்றையும் கலந்து ஒரே பரோலோ செய்வதுதான் முன்னோர் வழக்கம். ஒரே தோட்டத்தின் பெயரைப் போட்டு விற்பது 1961-ல்தான் தொடங்கியது, புருனோத்தோ, வியேத்தி என்ற இரண்டு ஒயினரிகள் ஆரம்பித்தன.

---

கணக்கன்

இந்த இடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. 2010-ல் தோட்டப் பெயர்களைச் சட்டமாக்கி எல்லை போட்டார்கள். லேபிளில் ஒரே ஒரு தோட்டப் பெயர்தான் வரலாம். பரோலோ கிராமத்தின் ஜுசெப்பே ரினால்தி குடும்பம் "புருனாத்தே-லெ கோஸ்தே" என்று இரண்டு தோட்டத்தைக் கலந்து, இரண்டு பெயரையும் போட்டு விற்று வந்தது. பழைய கலப்பு முறையை விடாமல் பிடித்த வீடு அது. அந்த வீடுதான் சட்டத்தால் லேபிளை மாற்ற வேண்டி வந்தது. பாரம்பரியத்தைக் காக்கப் போட்ட விதி பாரம்பரியமாகச் செய்தவரையே இடித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

---

புதுவை_ஸ்டெல்லா

எல்லைக் குழப்பத்தால் வாங்குகிறவர்கள் ஏமாந்ததும் உண்மைதானே கணக்கன். விதி இல்லாதபோது சாதாரணச் சரிவின் ஒயினுக்கும் பெரிய தோட்டத்தின் பெயர் ஒட்டினார்கள். எனக்கு அந்த விதி தேவை என்றே படுகிறது.

"குடும்ப ஒயினரி" என்ற சொல்லைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். லேபிளில் அப்பா, மகன், மகள் படம் போடுகிறார்கள். தோட்டத்தில் குனிந்து நிற்பவர்கள் யார்? அதையும் எழுதுங்களேன் தூரின்வாசி.

---

தூரின்வாசி

கேட்டது நியாயம். லாங்கே தோட்டங்களில் பல வருடமாக மாசிடோனியர்கள்தான் பெரும்பகுதி வேலை. கவாத்தில் அவர்கள் கை அருமையான கை. பலர் குடும்பத்தோடு அங்கேயே நிலைத்துவிட்டார்கள். இப்போது ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். பிரச்சினை நேரடியாக வேலைக்கு வைக்கும் வீடுகளில் குறைவு. இடையில் ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர் நுழையும்போதுதான் கூலியில் கைவைப்பு, தங்க இடமில்லாமை எல்லாம் வருகிறது. இத்தாலியில் 2016-ல் வந்த 199-ஆம் எண் சட்டம் தரகரை மட்டுமல்ல, அவரிடம் ஆள் எடுக்கும் முதலாளியையும் தண்டிக்கிறது. சட்டம் இருந்தும் சுரண்டல் முழுதாக நிற்கவில்லை. ஒரு பாட்டிலுக்கு 50, 60 யூரோ வாங்கும் ஊரில் அறுவடைக்கு வந்தவன் ஆற்றங்கரையில் படுப்பது வெட்கக்கேடு. சின்னக் குடும்பங்களிடம் வாங்க நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தோட்டத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் அவர்கள் பெயர் சொல்லிப் பதில் சொல்வார்கள். சொல்லாத வீட்டில் நான் வாங்குவதில்லை.

---

கணக்கன்

இன்னும் ஒரு பயம் இருக்கிறது. பரோலோ தோட்ட நிலம் ஹெக்டேர் 10 லட்சம் யூரோவைத் தாண்டிப் போய்விட்டது, பேர் பெற்ற சரிவென்றால் அதற்கும் மேலே. அண்ணன் தம்பி மூவரில் ஒருவர் தன் பங்கைக் கேட்டாலே மற்ற இருவராலும் கொடுக்க முடியாது. 2016-ல் வியேத்தியை ஓர் அமெரிக்கக் குடும்பம் வாங்கியபோது ஊரே அதிர்ந்தது. 2007-ல் கால் வைத்த மாதிரி ஒரு குடும்பம் இன்று கால் வைக்க முடியுமா? நிலத்தை வாங்கித் தொடங்குவது எனக்குக் கணக்கில் வரவில்லை. குத்தகைக்கு எடுத்து, தோல்செத்தோவில் ஆரம்பித்து, மெதுவாக ஏறலாம். பரோலோ எல்லைக்கு வெளியே, ரோவேரோ பக்கமோ ஆல்தோ பியமோந்தே பக்கமோ, அதே நெபியோலோவோடு தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அடுத்த நம்பிக்கை அங்கேதான்.

---

இளமதி_சிங்கை

இவ்வளவு விஷயம் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. ஸ்டெல்லா அக்கா சொன்ன வெயில் விஷயமும் கணக்கன் சார் சொன்ன முடங்கும் சரக்கும் என் கேள்வியையே மாற்றிவிட்டன. கடைசியாக இரண்டு நடைமுறைக் கேள்வி. என்னிடம் இருப்பது 2019. இப்போது திறக்கலாமா? வீட்டில் நம் சாப்பாட்டோடு போகுமா?

---

புதுவை_ஸ்டெல்லா

2019 நிதானமான, துவர்ப்பும் புளிப்பும் சரியாக அமைந்த வருடம். பொறுமை இருந்தால் இன்னும் சில வருடம் வையுங்கள், சிங்கப்பூர் வெக்கையில் அலமாரியில் வேண்டாம், 13, 14 டிகிரி குளிர்பெட்டி கட்டாயம். இப்போதே ஆசையாக இருந்தால் குடிப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் வாயகன்ற ஜாடியில் ஊற்றி வையுங்கள். வெப்பமான 2017-ஐ இப்போதே தாராளமாகத் திறக்கலாம்.

மிளகாய்க் காரம் இந்தத் துவர்ப்பைக் கசப்பாக்கிவிடும். கோழி வறுவல், மீன் குழம்போடு வேண்டாம். மிளகு மட்டும் போட்டு, நெய் விட்டு நெடுநேரம் வேகவைத்த ஆட்டுக்கறி நன்றாகப் போகும். கொழுப்பு துவர்ப்பைத் தணிக்கும். அந்த ஊரிலும் மாட்டிறைச்சியை ஒயினிலேயே மணிக்கணக்கில் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

---

தூரின்வாசி

ஒன்று சேர்க்கிறேன். அதே குடும்பத்தின் லாங்கே நெபியோலோ கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள், விலை பாதிகூட இருக்காது. பரோலோவை 2028, 2029 வரை மறந்துவிடலாம். கம்பம் அண்ணா, இந்த பிப்ரவரியில் கவாத்துக்குப் போகிறேன். தண்டு வளைத்துக் கட்டுவதைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.

---

கம்பம்_பன்னீர்

போடுங்கள் தம்பி. குட்டைத் தண்டில் எத்தனை மொட்டு விடுகிறார்கள், வெட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிற மாதிரிக் கிட்டத்தில் எடுங்கள்.